அக்கா மகளைக் கட்டிக்கொண்ட நாய்

எங்கள் வீட்டில் நாய்க்குக் கல்யாணம் செய்துவைத்தோம். விளையாட்டுக்கு இல்லை. முறை பார்த்து, பெண் வீட்டார் சீர் கொண்டுவந்து, தெருவுக்கே பாயசம் ஊற்றிச் செய்த கல்யாணம். அதில் நடந்த தப்புக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது, ஏனென்றால் யோசனை சொன்னவள் நான்தான். இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் என் வீட்டுக்காரர், "அவளக் கேளுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்.

முதலில் எங்கள் உறவைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு குழப்பம். என் வீட்டுக்காரர் என் அம்மாவின் கடைசித் தம்பி. எனக்குத் தாய்மாமன். சுண்ணாம்புக்குளத்தில் இருந்த என்னை முறைப்படி பழவேற்காட்டில் இருந்த அவருக்குக் கட்டிவைத்தார்கள். அதனால் என் அம்மாவே எனக்கு நாத்தனார். புகுந்த வீட்டில் சண்டை என்று கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக எனக்கு வழியே கிடையாது. அங்கேயும் அதே கட்சிதான் உட்கார்ந்திருக்கும். நானும் இரண்டு முறை துணிப்பையோடு போய்ப் பார்த்து, தம்பி சாப்பிட்டானா என்று அம்மா கேட்டதும் அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறேன்.

பழவேற்காட்டில் எங்களுக்கு நண்டு, இறால் வியாபாரம். ஏரியில் பிடித்தது காலையில் எங்கள் கொட்டகைக்கு வரும். நண்டின் கொடுக்கைக் கயிற்றால் கட்டுவோம், இறாலை ஐஸில் போடுவோம், வண்டி வந்து சென்னைக்கு ஏற்றிக்கொண்டு போகும். எங்களிடம் சரக்கு எடுத்த சென்னை முதலாளி வீட்டில் ஜாதி நாய் வளர்த்தார்கள். செல்போன் விளம்பரத்தில் ஒரு சப்பை மூக்கு நாய் வந்து ஊரையே மயக்கிவைத்திருந்த சமயம் அது. அதே ஜாதி. அவர் வீட்டு நாய் குட்டி போட்டபோது பிரியமாக இரண்டு குட்டிகளைக் கொடுத்தார். ஆணை நாங்கள் வைத்துக்கொண்டோம். பெண்ணை என் வீட்டுக்காரர் தன் அக்காவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, கொண்டுபோய்க் கொடுத்தார்.

எங்கள் ஊருக்கு ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கல்லறையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அப்படி வந்த ஒருவர் எங்கள் நாயைப் பார்த்துவிட்டு, இது ஒல்லாந்து ராஜா வீட்டில் செல்லமாக வளர்ந்த ஜாதி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போனார், பேச்சு போகவில்லை. ஒல்லாந்தர் கோட்டை கட்டியபோதே இந்த நாயும் கப்பலில் வந்து பழவேற்காட்டில் இறங்கியது, இடையில் சென்னைக்குப் போய், இப்போது சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கிறது என்று என் வீட்டுக்காரர் எல்லாருக்கும் சொல்ல ஆரம்பித்தார். கல்லறைக்குப் போய் ஒவ்வொரு கல்லாக நாய் உருவம் தேடினார். செதுக்கிய எலும்புக்கூடு இருந்தது, எழுத்து இருந்தது, நாய் இல்லை. நாய் செதுக்கிய கல் கோட்டையோடு இடிந்து போயிருக்கும் என்று தீர்த்துவிட்டார்.

ராஜா வீட்டு நாய்க்கு எங்கள் ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. படகுத்துறை நாய்கள் சேற்றில் இறங்கி, தண்ணீரில் நீந்தி, வலையில் இருந்து விழுந்த மீனைக் கவ்விக்கொண்டு ஓடும். இது பத்தடி நடந்தால் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்துவிடும். வெயில் ஏறினால் ஐஸ் பெட்டியை ஒட்டிப் படுக்கும். கீழே கிடக்கும் மீனைக் கவ்வ முன்னால் வாய் இல்லை, முகம் முழுவதும் தரையில் இடிக்கும். முக மடிப்புக்குள் மணல் புகுந்து புண்ணாகும். கண் துருத்திக்கொண்டு இருந்ததால் வேலி முள் பட்டு ஒரு கண்ணில் வெள்ளை விழுந்தது. தூங்கும்போது விடும் குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அதை நாங்கள் நோய் என்று நினைக்கவேயில்லை. பெரிய இடத்துச் சொகுசு என்று நினைத்தோம். வருகிறவர்களைச் சத்தம் போடாமல் உட்காரவைத்து அந்தக் குறட்டையைக் கேட்க வைத்திருக்கிறோம், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அதற்கு ஜோடி சேர்க்க வேண்டும் என்ற பேச்சு ஊரில் இருந்துதான் வந்தது. எல்லாருக்கும் அந்த மூஞ்சியில் ஒரு குட்டி வேண்டும். ஐஸ் வண்டி டிரைவர், அக்கா வீட்டில்தான் பெண் இருக்கிறதே, அதையே சேர்த்துவிடுங்கள் என்றார். அன்றைக்கு என் அம்மாவும் வந்திருந்தாள். காதைப் பொத்திக்கொண்டாள். கூடப் பிறந்ததுகளைப் போய்ச் சேர்க்கச் சொல்கிறாயே, உனக்கு நாக்கு அழுகிப் போகாதா என்று டிரைவரைப் பிடி பிடி என்று பிடித்துவிட்டாள். அவர் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அம்மாவின் நாயை அதற்கு முன்பே முதலாளி சென்னைக்குக் கூட்டிப்போயிருந்தார், அது அங்கே வேறொரு நாயோடு சேர்ந்து குட்டி போட்டிருந்தது. அதில் ஒரு பெண் குட்டியை அம்மா தானே வைத்துக்கொண்டு வளர்த்தாள். அது வயதுக்கு வந்திருந்தது. எனக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"ஏம்மா, அதும் மவ கீதே. அக்கா பொண்ணு தாய்மாமனுக்கு முறைதான? என்னக் கட்டிக் குடுத்தியே, அது மாதிரிதான இதுவும்?"

அம்மா யோசித்தாள். முகம் மலர்ந்தது. என் வீட்டுக்காரர் தொடையைத் தட்டினார். ஊரிலும் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். எந்த ஊரில் நாய்க்கு முறை பார்ப்பார்கள்? நாங்கள் பார்த்தோம். பார்த்ததில் எங்களுக்கு அவ்வளவு பெருமை. சென்னை முதலாளி அந்தப் பெண் நாயின் வம்சப் பத்திரம் ஒன்று கொடுத்திருந்தார். அப்பன், பாட்டன், பூட்டன் பெயரெல்லாம் இங்கிலீஷில் அச்சடித்தது. எங்கள் நாய்க்கும் அதுபோல் ஒன்று இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த என் வீட்டுக்காரர், ஒரே பெயர் இரண்டு தாளிலும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடித்தார். சொந்தம் விட்டுப் போகவில்லை என்று சந்தோஷப்பட்டார். அந்த வரியில் மஞ்சள்கூட வைத்தார்.

அம்மா பெண்ணைக் குளிப்பாட்டி, கழுத்தில் தன் பழைய பட்டுப் புடவையின் சரிகைத் துண்டைக் கட்டிக் கொண்டுவந்தாள். சீர் என்று எவர்சில்வர் கிண்ணம், பிஸ்கட் பாக்கெட், ஒரு தலையணை. பெண் வந்ததும் மாப்பிள்ளையை முகர்ந்துபார்த்துவிட்டு நேரே ஐஸ் பெட்டிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. குடும்பத்துக்கு ஏற்ற மருமகள் என்று எல்லாரும் சிரித்தோம். அந்த வாரம் முழுக்க எங்கள் தெருவில் வேறு பேச்சே இல்லை.

அது சினையானது. எங்கள் தெரு டீச்சர் ஒரு குட்டி சொல்லிவைத்தார், படகு வைத்திருப்பவர் ஒன்று, டிரைவர் திட்டு வாங்கியதையும் மறந்து ஒன்று. வயிறு பெருக்கப் பெருக்க அதற்குப் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது. உட்கார்ந்தபடியே, சீர் வந்த தலையணையில் தாடையை முட்டுக்கொடுத்துத் தூங்கியது. கண் சொருகித் தலை சரிந்ததும் மூச்சு அடைத்து விழித்துக்கொள்ளும். மறுபடி முட்டுக்கொடுக்கும். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். மாசமாக இருப்பவள் தூக்கத்துக்கு ஏங்குவது எனக்குத் தெரியும். அதன் தாடையைக் கொஞ்ச நேரம் என் கையில் தாங்கிப் பிடித்தேன்.

வலி எடுத்தது ஒரு காலை நேரம். கொட்டகையில் சரக்கு வந்து குவிந்திருந்தது. படகுத்துறை நாய் கவிழ்த்த படகுக்கு அடியில் போய்க் குட்டி போட்டுவிட்டு மத்தியானம் மீன் தலைக்கு வந்து நிற்கும். நாங்கள் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். தானாகப் போட்டுவிடும் என்று காத்திருந்தோம். பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. முக்குகிறது, முக்கினால் மூச்சு போகிறது, மூச்சுக்கு நிறுத்தினால் குட்டி வரவில்லை. நாக்கு நாவல் பழ நிறத்துக்கு வந்துவிட்டது. பிரசவம் பார்க்கச் சுண்ணாம்புக்குளத்தில் இருந்து வந்திருந்த அம்மா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் கத்தினேன். நண்டு கிடக்கட்டும், ஆட்டோவைக் கூப்பிடு மாமா என்று. பொன்னேரி போகும்வரை ஐஸைத் துண்டில் சுற்றி அதன் வயிற்றுக்குக் கீழேயும் கழுத்திலும் வைத்துக்கொண்டே போனேன். எங்கள் தொழிலில் அது ஒன்றுதான் அன்றைக்கு அதற்கு உதவியது.

பொன்னேரியில் நாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா சின்னப் பெண். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குட்டிகளின் தலை பெரிது, தாயின் இடுப்பு குறுகல், அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றாள். மயக்க மருந்து கொடுப்பதும் இந்த ஜாதிக்கு ஆபத்து, எழுந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றாள். அப்போதுதான் என் அம்மா, இதன் தாய்க்கும் சென்னையில் அறுத்துத்தான் எடுத்தார்கள், வயிற்றில் தழும்பு இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னாள். ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். பெரிய இடத்து நாய்க்கெல்லாம் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டாளாம்.

ஊசி மருந்து எடுத்துவைத்துக்கொண்டே டாக்டரம்மா, ஆண் நாய் எது என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் அந்தப் பதற்றத்திலும் பிளாஸ்டிக் கவரில் இருந்து இரண்டு பத்திரத்தையும் எடுத்து நீட்டி, கூடப் பிறந்ததுகளைச் சேர்க்கவில்லை, அது இதுக்குத் தாய்மாமன்தான் மேடம் என்றார். அவள் மஞ்சள் வைத்த வரியைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள்.

"அண்ணன் தங்கச்சின்னா தப்புன்னு தெரிஞ்சுது இல்ல? அப்புறம் இன்னாத்துக்கும்மா இப்படிப் பண்ணீங்க?"

"முறைதான பண்ணோம்" என்றாள் என் அம்மா. குரலில் ரோஷம்.

நாய்க்கு ஏதும்மா முறை என்று டாக்டரம்மா சிரித்துவிட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கை வேலையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். இந்த மூஞ்சி தானாக வந்தது இல்லை. சப்பை மூக்கு இருந்ததையே பொறுக்கிப் பொறுக்கி, அதன் சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து வரவழைத்தது. எலும்பு குட்டையாகிவிட்டது, உள்ளே இருக்கும் சதை குறையவில்லை. நீள மூக்குக்கு உண்டான சதை அவ்வளவும் இத்தனூண்டு இடத்தில் அடைந்து கிடக்கிறது. அந்தச் சத்தம் சொகுசு இல்லை, மூச்சுத் திணறல். பிறந்ததில் இருந்து இது ஒரு நாள்கூட நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. இதற்குப் பரிசு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், பத்திரம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்க நாம் இருக்கிறோம்.

எனக்குக் கோபம் வந்தது. உறவுக்குள் கட்டினால் கெடுதல் என்று அவள் சொன்னது என் தலையில் குட்டியது போல இருந்தது. அங்கே நின்ற மூன்று பேரும் எப்படிப்பட்ட மூன்று பேர் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் குத்துக்கல் மாதிரி இருக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் குடும்பத்தில் நடந்ததாவது ஒரே ஒரு தடவை. நாய்க்கு அதையே தலைமுறை தலைமுறையாக, விடாமல் செய்திருக்கிறார்கள் என்பது அதற்குள் எனக்கே உறைத்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்துவிட்டார். "நமக்குத் தெரியாததா இது" என்றார். "குஞ்சு பொரிக்கிற கம்பெனிக்காரன் தாய் எறா கேட்டு வருவான் இல்ல? பண்ணையில வளந்தத ஏன்டா எடுக்க மாட்டேங்கறன்னு கேட்டா, அதுலயே திரும்பத் திரும்ப எடுத்தா குஞ்சு சத்து இல்லாம சாவுது, கடல்ல புடிச்சதுதான் வேணும்னுவான். நான்தான் புடிச்சு அனுப்பிகினு இருக்கறேன்."

உண்மைதான். வருஷக்கணக்காக அந்தத் தாய் இறாலை உயிரோடு பை கட்டி ஏற்றியது என் கைதான். இறாலுக்குத் தெரிந்த நியாயம் எங்களுக்கு நாய்க்குத் தோன்றவில்லை. நாய் என்றதும் மனுஷ முறையை எடுத்துப் போட்டுவிட்டோம். படிக்காதது காரணம் இல்லை. அந்த மூஞ்சி மேல் இருந்த ஆசைதான் காரணம்.

உள்ளே கொண்டுபோகும் முன் டாக்டரம்மா ஒன்று கேட்டாள். வயிற்றைத் திறக்கும்போதே கருப்பையையும் எடுத்துவிடலாமா, இன்னொரு பிரசவத்தை இது தாங்காது என்றாள். என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். எதுவானாலும் அவர் அக்காவைத்தான் பார்ப்பார். அம்மா கூடாது என்றாள். பெண்ணாய்ப் பிறந்ததன் வயிற்றை வெறுமையாக்குவது பாவம், ஒரு தடவை இப்படி ஆனதற்காக எப்போதும் இப்படியே ஆகுமா என்றாள். மேஜை மேல் கிடந்த அது ஒவ்வொரு மூச்சுக்கும் முன்காலை உதைத்துக்கொண்டிருந்தது. நான் என் வாழ்க்கையில் அம்மாவையும் அவள் தம்பியையும் சேர்த்து எதிர்த்தது அன்றைக்குத்தான்.

"எடுத்துடுங்க டாக்டரம்மா. குட்டிக்குத்தான் இத கூட்டியாந்தோம். அது நான் பண்ண தப்பு. இது உசுரோட இருந்தாப் போதும் எனக்கு."

அம்மா வெளியே போய் வேப்பமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்று குட்டிகள். ஒன்று உள்ளேயே இறந்திருந்தது. ஒன்றுக்கு மேலண்ணம் பிளந்திருந்தது, குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. அது இரண்டாம் நாள் போய்விட்டது. ஒன்று நன்றாக இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குக் குட்டிகள் மேல் மனம் போகவில்லை. தாய் எழுந்திருக்க வேண்டும். டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டாள். அதன் தொண்டையில் ஒரு குழாய் செருகியிருந்தது. நன்றாக விழிக்கும்வரை அதை எடுக்கக் கூடாது என்றாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. சத்தமே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது, மூச்சு இருக்கிறதா என்று கேட்டேன். இப்போதுதான் சரியாக மூச்சு விடுகிறது, மூக்கையும் தொண்டையையும் தாண்டிக் குழாய் வழியாக நேரே போகிறது இல்லையா என்றாள். என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. நாங்கள் கல்யாணம் செய்துவைத்துச் சிரித்த அந்த ஜீவன், குழாய் போட்ட அந்தக் கொஞ்ச நேரம்தான் நிம்மதியாக இருந்திருக்கிறது.

குழாயை எடுத்ததும் பழைய கரகரப்பு வந்துவிட்டது. அது கண்ணைத் திறந்தது. எங்களைப் பார்த்ததும், தூக்க முடியாத வாலைத் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டியது. அது என்னைக் கடித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை, அந்த வாலாட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

அதன் பிறகு குட்டி கேட்டவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டேன். டீச்சருக்குக் கோபம். டிரைவர், படகுத்துறையில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு உண்மையாகவே பிடித்தார். இப்போது அது வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்து சென்னைவரை போய்வருகிறது. நாங்கள் பிழைத்த குட்டியை வைத்துக்கொண்டோம். தாய்க்குக் காயம் ஆறியபின் டாக்டரம்மா மூக்குத் துளையைக் கொஞ்சம் அகலப்படுத்தி விட்டாள். முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் படுத்துத் தூங்கியது. அதைப் பார்ப்பதற்காகவே நான் பகலில் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பேன். ஒல்லாந்து ராஜா கதையை மட்டும் என் வீட்டுக்காரர் விடவில்லை. ராஜாவுக்கும் புத்தி இல்லை என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

அம்மா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பேசவேண்டியதைத் தம்பியிடம் சொல்லி அனுப்புவாள், அவர் வந்து என்னிடம் ஒப்பிப்பார். ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். கையில் துணி சுற்றிய கூடை, கூடைக்குள் அவள் நாய், எங்கள் மருமகளின் தாய். இதுக்கும் அந்த ஆபரேசனைப் பண்ணிவிடு என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் உடனே புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கேள்வி கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று பயம்.

பொன்னேரி பஸ்ஸில் அம்மாவின் மடியில் அது தஸ்புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு வந்தது. காட்டூரில் ஏறிய ஒரு பெண் எங்கள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தவள் மயங்கிவிட்டாள். அதன் கன்னத்தைக் கிள்ளினாள், மூஞ்சி பொம்மை மாதிரி இருக்கிறது என்றாள், அடுத்த தடவை குட்டி போட்டால் எனக்கு ஒன்று எடுத்துவைக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்டாள். ஒரு வருஷம் முன்பாக இருந்தால் அம்மா அங்கேயே அவளுக்கு ஒரு குட்டியைப் பேசி முடித்திருப்பாள்.

அம்மா நாயின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதுக்கு மூச்சு உடறதுக்கே நேரம் போதல. உனக்குப் புள்ள வேற பெத்துக் குடுக்கணுமா?"

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். பொன்னேரி வரும்வரை அவளும் விடவில்லை.